குதிரை உதைத்த கணக்கு

ஒரு அப்ரைசல் படிவத்தில் நான் எழுதிய ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நான் லீட். முறை வைத்து வாரம் ஒருவர் ஆன்கால் பார்ப்போம். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் அந்த வாரத்து ஆளின் போன்தான் அலறும். குறிப்பிட்ட ஓர் ஆறு மாதத்தில் சர்வர் பன்னிரண்டு முறை படுத்தது. அதில் நான்கு முறை ஒரே ஆள் பணியில் இருந்தான். தென்காசிப் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். மற்றவர்களுக்கு ஒன்று, இரண்டு. மூன்று பேருக்கு ஒன்றுகூட இல்லை.

"இவர் பணியில் இருக்கும்போது கோளாறுகள் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. கவனக்குறைவு காரணமாக இருக்கலாம்." இதுதான் நான் எழுதியது. எழுதும்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை. பன்னிரண்டில் நான்கு! கண்ணுக்கு முன்னால் தெரிகிறதே. அவனுக்கு அந்த வருடம் ரேட்டிங் குறைந்தது. சில மாதங்களில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

பெர்லினில் வாழ்ந்த ஒரு பேராசிரியரின் அட்டவணையை இந்த வருடம் தற்செயலாகப் படித்தேன். குதிரை உதைத்துச் செத்த சிப்பாய்களைப் பற்றிய அட்டவணை அது. படித்த அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

*

ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு நிகழ்தகவுப் பரவல் என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும்: பெல் கர்வ். வருடா வருடம் ஹெச்.ஆர். காட்டும் அந்த மணி வடிவ வளைவு. நடுவில் கூட்டம், இரண்டு ஓரத்திலும் ஓரிருவர். பாடப்புத்தகத்தில் இதன் பெயர் இயல்நிலைப் பரவல்.

அதன் பிறப்பில் மனிதர்களுக்கு வேலையே இல்லை. 1733இல் ஆப்ரஹாம் டி மாவர் காசு சுண்டும் கணக்குக்குச் சுருக்குவழி தேடும்போது அந்த வளைவைக் கண்டடைந்தார். 1809இல் காஸ் அதை விண்மீன்களை அளப்பதில் வரும் பிழைகளுக்குப் பொருத்தினார். ஒரே கோளைப் பலமுறை அளந்தால் அளவுகள் உண்மையான இடத்தைச் சுற்றி அப்படித்தான் சிதறும். கோள் ஒன்றுதான், பிழைகள் பல. பெல்ஜியத்தின் கெட்லே 1835இல் வெளியிட்ட புத்தகத்தில் 'சராசரி மனிதன்' என்ற கருத்தை முன்வைத்தார். பிறகு மனித உடல் அளவுகளும் அதே வளைவில் சிதறுகின்றன என்று காட்டினார். சராசரி என்பது இயற்கை குறிவைத்த இலக்கு, அதிலிருந்து விலகியவர்கள் ஒருவகைப் பிழை என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. அப்ரைசல் அறைக்குள் அந்த வளைவு வந்த பாதை ஏறக்குறைய இதுதான்.

ஆனால் எல்லாமே மணி வடிவில் சிதறுவதில்லை. அபூர்வமாக நடப்பவற்றை எண்ணும்போது வடிவமே வேறு. வருடத்துக்கு எத்தனை விபத்து, நிமிடத்துக்கு எத்தனை போன் அழைப்பு, மாதத்துக்கு எத்தனை முறை சர்வர் படுத்தது: இவை எல்லாம் அந்த வகை. பெரும்பாலும் பூஜ்யம், நிறைய ஒன்று, கொஞ்சம் இரண்டு, எப்போதாவது மூன்று, நான்கு. இந்த வடிவத்துக்கு பாய்சான் பரவல் என்று பெயர். ப்ளஸ் டூவில் மனப்பாடம் செய்தேன். இன்ஜினியரிங்கில் மறுபடி மனப்பாடம் செய்தேன். அது எங்கே பிறந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அது பிறந்த இடம் நீதிமன்றம்.

*

சிமியோன் தெனி பாய்சான் 1781இல் பிறந்த பிரெஞ்சுக் கணிதர். 1837இல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் பொருள் குற்றவியல், உரிமையியல் வழக்குகளின் தீர்ப்புகளில் நிகழ்தகவு. ஒரு ஜூரி குற்றமில்லாதவரைத் தண்டிக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? எத்தனை பேர் சேர்ந்து 'குற்றவாளி' என்று சொன்னால் நம்பலாம்? கோந்தோர்சே, லாப்லாஸ் போன்றோர் ஏற்கெனவே கைவைத்த கேள்விதான். ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று பாய்சானிடம் இருந்தது. 1825 முதல் பிரெஞ்சு அரசு குற்றவியல் வழக்குகளின் எண்ணிக்கையை வருடா வருடம் தொகுக்கத் தொடங்கியிருந்தது.

1825 முதல் 1830 வரை ஜூரி முன் நின்றவர்கள் 42,300 பேர். தண்டிக்கப்பட்டவர்கள் 25,777. நூற்றுக்கு ஏறக்குறைய 61. வழக்குகள் வேறு, ஊர்கள் வேறு, ஜூரிகள் வேறு. ஆனாலும் வருடா வருடம் அந்த விகிதம் பெரிதாக ஆடவில்லை. அப்போது பன்னிரண்டு ஜூரர்களில் ஏழு பேர் சொன்னால் போதும். 1831இல் அதை எட்டாக உயர்த்தினார்கள், விகிதம் சுமார் 54க்கு இறங்கியது. இந்த வித்தியாசத்தை வைத்து பாய்சான் யோசித்தார்: முன்பு ஏழுக்கு ஐந்து என்ற மயிரிழையில் தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இருந்திருக்க வேண்டும். அங்கிருந்து ஒரு ஜூரர் தவறிழைக்கும் வாய்ப்பை மதிப்பிடலாம்.

மனிதர்களின் தீர்ப்பைக் காசு சுண்டுவது போலக் கணக்கிடலாமா என்று பாரிஸ் அறிவியல் அகாதெமியிலேயே எதிர்ப்பு வந்தது. நியாயமான எதிர்ப்புதான். பாய்சானின் கணக்கில் பன்னிரண்டு பேரும் தனித்தனியாக முடிவெடுக்கிறார்கள். நிஜத்தில் அவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவர் குரல் உயர்ந்தால் நாலு பேர் தலையாட்டுவார்கள்.

இன்று அவர் பெயரைத் தாங்கும் பரவல் அந்தப் பெரிய புத்தகத்தில் ஓரிரு பக்கம்தான் வருகிறது. வாய்ப்பு மிகச் சிறியது, முயற்சிகள் மிகப் பல என்றால் ஈருறுப்புப் பரவல் என்னவாகும் என்பதற்கான துணைக் கணக்கு. அதே முடிவின் சாயல் டி மாவர் 1711இல் எழுதியதிலும் உண்டு. பாய்சான் அதை எந்தத் தரவிலும் பொருத்திப் பார்க்கவில்லை. 1840இல் இறந்துபோனார்.

*

அந்த ஓரிரு பக்கத்துக்கு உயிர் கொடுத்தவர் லடிஸ்லாவுஸ் போர்ட்கேவிச். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1868இல் பிறந்த போலந்துக் குடும்பத்துப் பிள்ளை, பின்னாளில் பெர்லினில் பேராசிரியர். 1898இல் ஒரு மெல்லிய புத்தகம் வெளியிட்டார், 'சிறு எண்களின் விதி' என்ற பொருள்படும் தலைப்பில். பிரஷ்யாவில் குழந்தைகளின் தற்கொலை, வேலையிடத்து விபத்து மரணம் என்று சோகமான எண்களாகத் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தார். அவற்றில் புகழ்பெற்றது குதிரை அட்டவணை.

1875 முதல் 1894 வரை இருபது வருடம். பிரஷ்ய ராணுவத்தின் பதினான்கு படைப்பிரிவுகள். குதிரை உதைத்துச் செத்தவர்கள் மொத்தம் 196 பேர். ஒரு பிரிவில் ஒரு வருடம் ஒருவரும் சாகவில்லை, இன்னொரு பிரிவில் அதே வருடம் நான்கு பேர் என்றால் நமக்கு என்ன தோன்றும்? அந்த லாயத்தைக் கவனிப்பவன் சரியில்லை. அந்த அதிகாரியை மாற்று.

போர்ட்கேவிச் முதலில் ஒரு காரியம் செய்தார். நான்கு படைப்பிரிவுகளின் அமைப்பு மற்றவற்றிலிருந்து வேறாக இருந்தது. அவற்றை ஒதுக்கினார். மீதி பத்துப் பிரிவுகள், இருபது வருடம், ஆக 200 பதிவுகள். அவற்றில் 122 மரணங்கள். சராசரி 0.61.

பிறகு கேட்டார்: யார் மீதும் தப்பில்லை, எல்லாம் வெறும் தற்செயல் என்று வைத்துக்கொண்டால் இந்த 200 பதிவுகள் எப்படிப் பிரியும்? பாய்சானின் சூத்திரத்துக்குச் சராசரி ஒன்று போதும். ஒருவரும் சாகாத பதிவுகள் 108.7 என்றது சூத்திரம், நிஜத்தில் 109. ஒருவர் செத்த பதிவுகள் 66.3, நிஜத்தில் 65. இருவர், 20.2, நிஜத்தில் 22. மூவர், 4.1, நிஜத்தில் 3. நால்வர், 0.6, நிஜத்தில் 1.

கடைசி வரியைத்தான் நான் பத்து தடவை படித்தேன். எங்கோ ஒரு பிரிவில் ஒரே வருடத்தில் நான்கு பேர் செத்தது யாருடைய அலட்சியமும் இல்லாமலேயே நடக்கக்கூடியது. 200 பதிவுகள் இருந்தால் அப்படி ஒன்று வருவதில் ஆச்சரியமில்லை.

(பாய்சானின் ஜூரி விகிதமும் 0.61, குதிரைச் சராசரியும் 0.61 என்பதைக் கவனித்திருப்பீர்கள். எனக்கும் ஒரு நொடி புல்லரித்தது. ஒன்றுமில்லை, அதுவும் தற்செயல்தான். மனசு எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.)

*

அதற்குப் பிறகு இந்தப் பரவல் வேலைக்குப் போக ஆரம்பித்தது. டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் வேலைபார்த்த வில்லியம் காசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1907இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நுண்ணோக்கியின் கீழ் சின்னச் சதுரங்களில் ஈஸ்ட் செல்களை எண்ணினால் அந்த எண்ணிக்கை இப்படித்தான் பரவும் என்று காட்டினார். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த ஆக்னர் எர்லாங் 1909இல் எழுதிய கட்டுரை, அழைப்புகள் வந்துசேரும் விதம் பாய்சான் பரவல் என்றது. எத்தனை லைன் போட்டால் எத்தனை பேர் 'பிஸி' என்று கேட்பார்கள் என்ற கணக்கை 1917இல் கொடுத்தார். இன்று நாங்கள் எத்தனை சர்வர் வேண்டும் என்று போடும் கணக்கு அவருடைய பேரப்பிள்ளை. அதாவது தினமும் சோறு போடுகிற சூத்திரம். மனிதர்களைப் பற்றித் தீர்ப்பு எழுதும்போது மட்டும் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

1944 ஜூனில் லண்டன் மீது ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் விழத் தொடங்கின. சில இடங்களில் அடுத்தடுத்து விழுந்தன, சில இடங்கள் தப்பித்தன. குண்டுகள் கொத்துக்கொத்தாக விழுகின்றன என்று ஜனங்கள் நம்பினார்கள். குண்டு தேடித்தேடி வருகிறது என்றால் வீட்டை மாற்றுவதா, குழந்தைகளை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதெல்லாம் உயிர்ப் பிரச்சினை. இன்னொரு கேள்வியும் உண்டு: எதிரியால் இவ்வளவு துல்லியமாகக் குறிவைக்க முடியுமா?

ஆர்.டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கர் தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை 576 சதுரங்களாகப் பிரித்தார். விழுந்த குண்டுகள் 537. 1946இல் வெளியான அவருடைய குறிப்பு மிகச் சிறியது. ஒரு குண்டும் விழாத சதுரங்கள் 229, சூத்திரம் சொன்னது 226.74. ஒன்று விழுந்தவை 211, சூத்திரம் 211.39. இரண்டு, 93, சூத்திரம் 98.54. மூன்று, 35, சூத்திரம் 30.62. நான்கு, 7, சூத்திரம் 7.14. ஐந்தும் அதற்கு மேலும் ஒரே ஒரு சதுரம், சூத்திரம் 1.57. அந்த ஒரு சதுரத்தில் மட்டும் ஏழு குண்டுகள். அங்கே குடியிருந்தவரிடம் போய் 'இது தற்செயல்' என்று சொல்லிப் பாருங்கள். ஆனாலும் தற்செயல்தான்.

தாமஸ் பின்ச்சன் 1973இல் வெளியிட்ட 'கிராவிட்டிஸ் ரெயின்போ' நாவலில் ரோஜர் மெக்சிகோ என்றொரு புள்ளியியலாளர் வருவார். லண்டன் வரைபடத்தைக் கட்டம் போட்டு ராக்கெட் விழுந்த இடங்களைப் பாய்சான் சூத்திரத்தோடு ஒப்பிடுவார். எத்தனை சதுரத்தில் எத்தனை விழும் என்று அவரால் சொல்ல முடியும். அடுத்தது எங்கே என்று சொல்ல முடியாது. கல்லூரியில் அந்தப் பக்கங்களைப் புரியாமல் புரட்டியிருக்கிறேன். இப்போது புரிகிறது.

நம் கண்ணுக்குத் தற்செயல் என்றால் சமமாகப் பங்கிட்டது போல இருக்க வேண்டும். மொட்டைமாடியில் மழையின் முதல் தூறல் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஓட்டில் மூன்று சொட்டு, பக்கத்து ஓடு காய்ந்து கிடக்கும். ஒவ்வொரு ஓட்டிலும் சரியாக ஒரு சொட்டு விழுந்தால்தான் பயப்பட வேண்டும். யாரோ மேலே நின்று அளந்து ஊற்றுகிறார்கள்.

*

இது வெறும் சுவாரஸ்யமான கணக்கு என்று விட்டுவிட முடியாமல் செய்தது லூசியா டி பெர்க்கின் வழக்கு.

நெதர்லாந்தில் தி ஹேக் நகரத்தில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். 2001இல் ஒரு குழந்தை இறந்தது. அவர் பணியில் இருக்கும்போது இப்படி அடிக்கடி நடக்கிறதே என்று உடன் வேலைசெய்தவர்களுக்குச் சந்தேகம். பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். இது தற்செயலாக நடக்க 34 கோடியே 20 லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று வழக்கில் ஒரு நிபுணர் சொன்னார். 2003இல் ஆயுள் தண்டனை. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் தீர்ப்பு புள்ளியியலில் நிற்கவில்லை என்று சொன்னபடியே தண்டனையை உறுதிசெய்தது.

கணிதர்கள் அந்த எண்ணைப் பிரித்துப் போட்டபோது ஓட்டைகள் தெரிந்தன. சம்பவங்கள் எல்லா ஷிப்டிலும், எல்லாச் செவிலியர் மீதும் சமமாக விழும் என்பது அதன் அனுமானம். நிஜத்தில் ஒவ்வொரு செவிலியரின் பணிநேரமும் ஒரே மாதிரி இல்லை. போர்ட்கேவிச் அந்த நான்கு படைப்பிரிவுகளை ஏன் ஒதுக்கினார் என்பதை இங்கே யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இன்னொன்று அதைவிட மோசம். சந்தேகம் வந்த பிறகுதான் எது 'சம்பவம்' என்று வகைப்படுத்தினார்கள். அவர் இருந்தபோது நடந்தது சந்தேகத்துக்குரியது ஆயிற்று. ரிச்சர்ட் கில் முதலான புள்ளியியலாளர்கள் செவிலியருக்குச் செவிலியர் வரும் வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, கோடிகளில் ஒன்றாக இருந்த வாய்ப்பு சாதாரணமாக நடக்கக்கூடிய அளவுக்கு வந்துவிட்டது. மருத்துவச் சான்றுகளும் மறுபடி ஆராயப்பட்டன. இறப்புகள் இயற்கையானவை என்ற முடிவுக்கு வந்தார்கள். சிறையில் இருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. 2010 ஏப்ரலில் விடுதலைத் தீர்ப்பு.

நீதிமன்றத்தில் நேரும் தவறை அளக்கக் கிளம்பிய புத்தகத்தில் பிறந்தது ஒரு பரவல். 170 வருடம் கழித்து அது மறுபடி நீதிமன்றத்துக்கே வர வேண்டியிருந்தது.

*

இப்போது என் வரிக்கு வருகிறேன்.

அந்த ராத்திரி லேப்டாப்பைத் திறந்து பத்து வரி புரோகிராம் எழுதினேன். பன்னிரண்டு கோளாறுகளைப் பத்துப் பேர் மீது கண்ணை மூடிக்கொண்டு எறி. இதை ஒரு லட்சம் தடவை செய். குறிப்பிட்ட ஓர் ஆளை முதலிலேயே சொல்லிவிட்டு, அவருக்கு நான்கோ அதற்கு மேலோ விழ எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால் நாற்பதில் ஒன்று. நான் மனசுக்குள் போட்டிருந்த கணக்கு இதுதான். ஆனால் நான் முதலிலேயே அவன் பெயரைச் சொல்லவில்லை. நான்கு விழுந்த பிறகுதானே அவனைப் பார்த்தேன்? யாராவது ஒருவருக்கு நான்கு விழ எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் சரியான கேள்வி. கிட்டத்தட்ட நாலில் ஒன்று. ஒருத்தர் மீதும் தப்பில்லாத குழுவிலும், நாலு அரையாண்டுக்கு ஒரு தடவை ஒரு 'கவனக்குறைவான ஆள்' கிடைத்துவிடுவார்.

இதுகூட எல்லோருக்கும் சமமான பணி என்று வைத்துக்கொண்டு போட்டது. பழைய ஆன்கால் அட்டவணையைத் தேடி எடுத்தேன். தீபாவளி வாரம், வருடக் கடைசி தள்ளுபடி வாரம் இரண்டிலும் அவன் பெயர். சர்வருக்கு மூச்சு முட்டுகிற வாரங்கள். ஊருக்குப் போக வேண்டியவர்கள், குழந்தை இருப்பவர்கள் கேட்டபோது மாற்றிக்கொண்டிருக்கிறான். கல்யாணம் ஆகாத பையன், 'நான் பாத்துக்கறேன்' என்று சொல்லியிருப்பான். மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்ததும் நான்தான். இன்னொன்றையும் பார்த்தேன். வேறொருவர் வாரத்தில் பத்து நிமிடம் நின்றுபோன ஒன்றை 'சிறு தடங்கல்' என்று எழுதியிருக்கிறேன். அவன் வாரத்தில் அதே பத்து நிமிடம், 'கோளாறு'. தி ஹேக்கில் நடந்ததைப் படித்துக் கோபப்பட்டவனின் கையெழுத்து.

இதனால் எதற்கும் யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. நிஜமாகவே கவனக்குறைவான ஆள் இருக்கலாம், நிஜமாகவே மோசமான லாயம் இருக்கலாம். பாய்சான் பரவல் யாரையும் நிரபராதி என்று சொல்வதில்லை. தப்பே இல்லாமல் இருந்தால் இது எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். அதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் லாயத்துக்குப் போய் விசாரிக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை.

அவன் நம்பர் இருந்தது. கணக்கை விளக்கி நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. "பரவால்ல அண்ணே. அப்பவே சொல்லணும்னு நெனச்சேன், சாக்கு சொல்றான்னு நெனப்பீங்கன்னு விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "அந்த ஃபார்ம் இன்னும் அங்க இருக்கா?"

இருக்கிறது. முடிந்த வருடத்தின் படிவத்தைத் திருத்த அந்த மென்பொருளில் வழி இல்லை. ஹெச்.ஆருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் மதிப்பீடு தவறு, காரணம் இது என்று சொல்லி அட்டவணையையும் இணைத்தேன். யாராவது பழைய வேலையைப் பற்றி விசாரித்தால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. கடிதத்தின் நகலை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.